பின்னி மில்லை ஸ்ட்ரைக்தான் மூடியதா?

கேள்வி இதுதான்: “பெரம்பூர், பட்டாளம் பக்கம் இப்போது பெரிய அடுக்குமாடிகள் எழும்பியிருக்கும் இடத்தில் முன்பு பின்னி மில் இருந்ததாமே. அதை யார், எப்போது கட்டினார்கள்? யூனியன்காரர்கள் ஸ்ட்ரைக் செய்து செய்தே இழுத்து மூடவைத்துவிட்டார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? இப்போது போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?”

நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, உண்மை இல்லை. வடசென்னையில் இந்தப் பேச்சு டீக்கடைக்கு டீக்கடை ஓடுகிறது. ஆனால் வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே அது நிற்காது. முதல் மில் தொடங்கியது 1876-ல். ஒரேயடியாக நின்றது 1996-ல். பேர்போன பெரிய போராட்டங்கள் நடந்தது 1918 முதல் 1921 வரையிலும், அப்புறம் 1947-லும். துப்பாக்கிச்சூடு வரை போன 1921-க்குப் பிறகும் மில் 75 வருஷம் ஓடியிருக்கிறது. நன்றாகச் சம்பாதித்த வருஷங்களும் அந்த 75-க்குள்தான் வருகின்றன. மூடியதற்குக் காரணங்கள் வேறு. அதைச் சொல்வதற்கு மில் எப்படி வந்தது, என்ன நெய்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பின்னி மில் என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு மில்கள். பக்கிங்காம் மில் 1876-ல் வந்தது, கர்நாடிக் மில் 1881-ல் வந்தது. 1920-ல் இரண்டையும் ஒரே கம்பெனியாக இணைத்தார்கள். பி அண்ட் சி மில் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். நடத்தியவர்கள் பின்னி அண்ட் கோ. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதராசுக்கு வந்த ஜான் பின்னி என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிய வியாபாரம் அது. இப்போது கன்னிமாரா ஓட்டல் நிற்கும் இடத்தில்தான் அவர் குடியிருந்தார். பக்கத்துச் சாலைக்கு இன்றும் பின்னி ரோடு என்றே பெயர். கம்பெனியின் தலைமை அலுவலகம் பாரிமுனையில், அரண்மனைக்காரன் தெருவில் இருந்தது. கப்பல் சரக்கு இறக்குவது, ஏற்றுமதி, இறக்குமதி என்று பல தொழில் செய்துவந்தவர்கள் துணி ஆலைக்குள் நுழைந்தது 1876-ல்தான்.

1876 என்றதும் இன்னொன்று ஞாபகம் வர வேண்டும். தாது வருஷப் பஞ்சம். அப்போது மதராஸ் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். பஞ்சத்தில் பட்டணத்துக்கு ஓடிவந்த ஜனங்களுக்குக் கூலி வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய கால்வாய்க்கும் அவர் பெயர்தான், இந்த மில்லுக்கும் அவர் பெயர்தான். மில் ஆரம்பித்த வேளையில் பட்டணத்தில் கூலிக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்திருக்காது.

ஏன் பெரம்பூர்ப் பக்கம் என்றால், ரயில். பெரம்பூரில் ஏற்கெனவே ரயில்வே பட்டறை இருந்தது. பஞ்சு மூட்டை வரவும் துணிப் பேல் துறைமுகத்துக்குப் போகவும் இருப்புப்பாதை பக்கத்திலேயே. ஓட்டேரி நாலா என்ற கால்வாய் ஓரமாகத் தாழ்வான, விலை குறைந்த நிலம். அந்தத் தாழ்வு பிற்பாடு எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பது மழைக்காலத்தில் புளியந்தோப்பில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

உள்ளே என்ன நடந்தது? இது முழுப் பஞ்சாலை. பஞ்சு ஒரு பக்கம் நுழைந்தால் சாயம் போட்டு மடித்த துணியாக மறுபக்கம் வெளியே வரும். பஞ்சைப் பிரித்துத் தூசி தட்டும் புளோ ரூம், பஞ்சைச் சீவி இழையை நேராக்கும் கார்டிங், நூற்பு, பாவு (துணியின் நெடுக்கு நூல்) ஓட்டுதல், பாவுக்குக் கஞ்சி ஏற்றும் சைசிங், தறிக்கூடம், சலவை, சாயப்பட்டறை எல்லாம் ஒரே மதிலுக்குள். தறிக்கூடத்தில் காற்று ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் சென்னை வெயிலில் உள்ளே வேண்டுமென்றே ஈரப்பதம் ஏற்றுவார்கள். வெளியே சாதாரணப் புழுக்கம் என்றால் உள்ளே அதற்கு மேல். சத்தத்தில் பக்கத்துத் தறிக்காரர் பேசுவது கேட்காது, கைஜாடையும் வாயசைவும்தான். கார்டிங்கில் வேலை செய்தவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை பஞ்சுத் தூசிக்குள் நுழைந்ததும் நெஞ்சை இறுக்கும். வாரக் கடைசிக்குள் கொஞ்சம் தணிந்ததுபோல் இருக்கும், அடுத்த திங்கள் மறுபடி. உலகம் முழுக்கப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு இருந்த நுரையீரல் நோய் இது. பைசினோசிஸ் என்று டாக்டர்கள் பெயர் வைத்ததெல்லாம் பிற்பாடு. மில்லில் அதை இருமல் என்றார்கள், அவ்வளவுதான்.

பின்னியின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது காக்கி. டிரில் என்பது சாய்வரி நெசவு. குறுக்கு நூல் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நூல் தள்ளித் தள்ளி ஏறி இறங்குவதால் துணி மேல் சாய்வாக வரி ஓடும். சாதா நெசவைவிட நெருக்கமாக நூலை அடைக்கலாம், துணி கனமாகவும் முரடாகவும் வரும். அந்தக் காலத்துக் காக்கிக்குச் செடிச் சாயமோ வேறு பொடியோ போடுவதில்லை. துணியை இரும்பு, குரோமிய உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்து, பிறகு காரத்தில் போடுவார்கள். இழைக்குள்ளேயே துருவும் பச்சையும் கலந்த நிறத்தில் உப்பு படிந்துவிடும். கிட்டத்தட்ட மண்ணையே துணிக்குள் ஏற்றின மாதிரி. வெயிலுக்கும் சலவைக்கும் போகாது. குறை என்னவென்றால் துணி விறைப்பாக இருக்கும், தையல் ஊசிக்குக் கஷ்டம். சிப்பாய்க்கு அதெல்லாம் பெரிய விஷயமா? இரண்டு உலகப் போரிலும் பட்டாளத்துக்குக் காக்கி இங்கிருந்து போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகும் போலீஸ்காரர், தபால்காரர், பள்ளிக்கூடப் பையன் என்று எல்லார் உடம்பிலும் பின்னி காக்கி இருந்தது. ‘கால்சட்டைக்குப் பின்னி துணி எடுத்தேன்’ என்று சொன்னால் இந்த வருஷம் முழங்கால் கிழியாது என்று அர்த்தம்.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. 1906-ல் மதராசில் ஆர்பத்நாட் என்ற பெரிய வங்கி திவாலாகி ஊரே கதறியது. அந்த அடியில் பின்னியும் ஆடிப்போனது. பிறகு இஞ்ச்கேப் பிரபு என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் முதலாளியின் குழுமத்துக்குப் போனது. அதாவது 1906-க்குப் பிறகு பின்னியில் பின்னி குடும்பத்துக்குப் பெயரைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை.

சரி, இப்போது சங்கத்துக்கு வருவோம்.

1918-ல் இரண்டு மில்லிலுமாகச் சுமார் பத்தாயிரம் பேர். அப்போதிருந்த 1911-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி பஞ்சாலையில் ஒரு ஆண் தொழிலாளியை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம், நடுவில் அரை மணி நேரம் இடைவேளை கொடுத்தால் போதும். மில் கொடுத்ததும் அந்த அரை மணிதான். பத்தாயிரம் பேர் தறியை விட்டு வந்து, கை கழுவி, சோற்றுத்தூக்கைத் தேடி எடுத்து, உட்கார்ந்து தின்று, சங்கு ஊதுவதற்குள் திரும்பி நிற்க வேண்டும். பிந்தினால் அபராதம். சம்பளத்தைவிட முதலில் வாய்விட்டுக் கேட்கப்பட்ட குறை இந்தச் சாப்பாட்டு நேரம்தான் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பெரிய கொள்கை எதுவும் அங்கே முதலில் வரவில்லை, சோறு விக்கியதுதான் வந்தது.

மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்று ஒரு பஜனை, பிரசங்க சபையும் நடத்தி வந்தார்கள். வேலை விட்டு வரும் தொழிலாளிகள் கதை கேட்க உட்கார்ந்தவர்கள் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இந்தியாவின் முதல் ஒழுங்கான தொழிற்சங்கம் ஒரு பெருமாள் பஜனை சபையிலிருந்து முளைத்தது என்பதை இடதுசாரி நண்பர்களும் கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொல்வார்கள், ஆன்மீக நண்பர்கள் சொல்வதே இல்லை.

இந்த இருவரும் போய்க் கூப்பிட்ட ஆள் பி.பி. வாடியா. பம்பாய்ப் பார்சி, அடையாறு பிரம்மஞான சபைக்காரர், அன்னி பெசன்ட் அம்மையாரின் வலதுகை. 1917-ல் அம்மையாரோடு சேர்த்து ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவர். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா தலைவர். துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. ‘தேசபக்தன்’ நாளிதழை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. வாடியா ஆங்கிலத்தில் பேச, அதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். திரு.வி.க. மேடை ஏறினால் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். மேடைத் தமிழ் என்று நாம் இன்று அறிந்திருப்பதற்கு அவர் போட்ட பாதையில் ஒரு பகுதி ஓட்டேரி, பெரம்பூர்ப் பக்கத்துக் கூட்டங்களில் போடப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. வாடியா வேலைநிறுத்தத்துக்கு அவசரப்பட்டவர் அல்ல. போர் நடந்துகொண்டிருந்தது, மில் பட்டாளத்துக்குத் துணி நெய்துகொண்டிருந்தது. இந்தச் சமயத்தில் தறியை நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்லிவந்தார். அந்த வருஷமே கதவை அடைத்தது நிர்வாகம். ‘எப்போதும் யூனியன்தான் மூடியது’ என்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். முதல் கதவடைப்பு முதலாளி செய்தது.

1920 அக்டோபரில் பக்கிங்காம் மில்லில் மறுபடி தகராறு, மறுபடி கதவடைப்பு. டிசம்பரில் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அதோடு நிற்காமல் கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வாடியாவும் மற்றத் தலைவர்களும் தொழிலாளிகளை வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள், அதனால் எங்களுக்கு நஷ்டம், அவர்கள் ஈடு கட்ட வேண்டும் என்பது வழக்கு. கோர்ட் இடைக்காலத் தடை விதித்தது. இங்கிலாந்தில் இப்படி வழக்குப் போட முடியாது, 1906-லேயே அங்கே சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்களின் கம்பெனி, தங்கள் ஊரில் செல்லாத வழக்கை இங்கே நடத்தியது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகினால் வழக்கைக் கைவிடுகிறோம் என்று சமரசம் ஆனது. அவர் விலகினார்.

இந்த வழக்குதான் நாடு முழுக்கப் பயத்தைக் கிளப்பியது. சங்கம் வைத்தால் தலைவன் வீடு ஏலத்துக்குப் போகும் என்றால் யார் முன்னே வருவார்கள்? 1921-லேயே தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் சங்கங்களைப் பதிவு செய்யவும் காக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பலன் 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம். அதன் 18-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். தொழில் தகராறில் ஒருவரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதற்காக மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகி மீதோ சிவில் வழக்கு நடக்காது என்று இருக்கும். வாடியா மீது போட்ட வழக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினமாதிரி இருக்கும் அந்த வாசகம். வடசென்னைச் சண்டை ஒன்று இந்தியா முழுக்கச் செல்லும் சட்டமாகப் போய் உட்கார்ந்த இடம் அது. 1922-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்று குறைத்தபோது சாப்பாட்டு இடைவேளையையும் ஒரு மணி நேரமாக்கினார்கள். அதற்குப் பல ஊர்ப் போராட்டங்களும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நெருக்குதலும் காரணம். அந்த அமைப்பின் முதல் மாநாட்டுக்கு 1919-ல் வாஷிங்டன் போன இந்தியக் குழுவில் வாடியாவும் இருந்தார்.

இனி 1921. இதைப் பற்றி மேடைகளில் பாதிதான் பேசுவார்கள். மீதிப் பாதியையும் சொல்லாமல் விட்டால் பின்னி மில் கதை பொய்க்கதை ஆகிவிடும்.

ஜூன் மாதம் கர்நாடிக் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பக்கிங்காமுக்கும் பரவியது. தொழிலாளிகளில் சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர்கள் மூன்று தரப்பும் பெரிய எண்ணிக்கையில் இருந்தார்கள். இந்தத் தடவை ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. முந்தின வருஷத்துக் கதவடைப்பில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். கைமாற்று வாங்கச் சொந்தக்காரர் கடையோ, திரும்பிப் போய் உட்காரக் கிராமத்தில் நிலமோ அவர்களுக்குக் கிடையாது. சங்கத்தின் தலைமையிலும் அவர்கள் குரல் இல்லை. வேலைக்குத் திரும்புங்கள் என்று ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா சொன்னார். மில் நிர்வாகமும் சர்க்காரும் இந்தப் பிளவைத் தங்களுக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டன, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிளவு ஏற்கெனவே இருந்தது. சேரியும் ஊரும் மதிலுக்கு வெளியே பிரிந்து கிடந்த மாதிரியே மதிலுக்கு உள்ளேயும் பிரிந்து கிடந்தது.

வேலைக்குப் போனவர்கள் மேல் கல் விழுந்தது, பிறகு குடிசைகள் எரிந்தன. புளியந்தோப்புக் கலவரம் என்று பெயர். தாக்குதல் இரண்டு பக்கமிருந்தும் நடந்தது. சர்க்கார் ஆதிதிராவிடக் குடும்பங்களை வியாசர்பாடியில் முகாம் போட்டுத் தங்கவைத்தது. ஆகஸ்டு 29-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அக்டோபரில் போராட்டம் முறிந்தது.

அப்போது ஆட்சியில் இருந்தது பார்ப்பனரல்லாதார் கட்சியான நீதிக்கட்சி. அதன் தலைவர் தியாகராயச் செட்டியார், கலவரத்துக்கு ஆதிதிராவிடர்களுக்குச் சர்க்காரின் தொழிலாளர் துறை கொடுத்த சலுகைதான் காரணம் என்று பேசினார். ராஜா அதே கட்சியில் இருந்தவர். மனம் கசந்து 1923-ல் கட்சியை விட்டுப் போனார். பார்ப்பனரல்லாதார் என்ற ஒரே குடையின் கீழ் முதலில் பெரிதாகக் கிழிந்த இடம் இந்த மில் வாசல்தான். என் கருத்து என்னவென்றால், சங்கம் 1921-ல் தோற்றது கம்பெனியிடம் மட்டுமல்ல. தன் சொந்த ஆட்களில் ஒரு பெரும் பங்கினரைத் தன் ஆட்களாக நினைக்கத் தெரியாததாலும் தோற்றது. ‘கருங்காலிகள்’ என்ற ஒரே வார்த்தையில் அவர்களை முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தோல்விக்குப் பிறகு நிர்வாகம் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தது. 1922-ல் சங்கத்துக்குப் பதிலாக மில்லுக்குள்ளேயே ஒரு நலக் கமிட்டி. தொழிலாளர் குடியிருப்புகள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மருந்தகம், மலிவு விலைக் கடை. ஆள் எடுப்பதில் மேஸ்திரிகளின் ராஜ்யத்தைக் குறைத்து நிர்வாகமே நேராக எடுத்தது. மற்ற ஊர்களில் மேஸ்திரிக்கு மாமூல் கொடுக்காமல் வேலை கிடைக்காது என்ற காலத்தில் இது பெரிய விஷயம். 1929-ல் ராயல் கமிஷன் வந்து இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரித்தபோது பி அண்ட் சி மில்லை ஒரு முன்மாதிரியாகவே பார்த்தார்கள். அந்த வீடுகளிலும் பள்ளிக்கூடத்திலும் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கம்பெனியைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். பேசட்டும், நியாயம்தான். ஆனால் 1918-ல் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு மேல் தராத அதே கம்பெனிதான் இது. இடையில் என்ன நடந்து மனம் மாறியது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

1930-களில் சங்கம் மெல்ல எழுந்தது. பின்னாளில் சென்னை மேயரான சக்கரைச் செட்டியார் தலைவராக இருந்தார். 1946-ல் இலங்கையிலிருந்து வந்த டிராட்ஸ்கியவாதி (ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் வழியில் போன இடதுசாரி) அந்தோணிப் பிள்ளை தலைவரானார். 1947-ல் ஏறத்தாழ நூறு நாள் நடந்த வேலைநிறுத்தம் அவர் காலத்தில்தான். அவர் கைதானார், வயது முதிர்ந்த திரு.வி.க.வை வீட்டுக்காவலில் வைத்தார்கள். அப்போது ஆட்சி வெள்ளைக்காரன் கையில் இல்லை, காங்கிரஸ் மந்திரிசபை. அந்தோணிப் பிள்ளையை 1957-ல் வடசென்னை மக்கள் சுயேச்சையாகவே பார்லிமென்டுக்கு அனுப்பினார்கள்.

ஐம்பதுகளும் அறுபதுகளும்தான் பெரும்பாலானவர்கள் ஞாபகம் வைத்திருக்கும் பின்னி. உச்சத்தில் ஏறத்தாழ 14,000 பேர், மூன்று ஷிப்ட். பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு, சூளை வரை வீடுகளில் கடிகாரம் தேவைப்படவில்லை, மில் சங்குதான் நேரம். சம்பள நாளன்று மில் வாசலில் கடன்காரனும் நிற்பான், மனைவியும் நிற்பாள். யார் முதலில் பிடிப்பது என்பதுதான் போட்டி. வெட்டுத் துண்டுத் துணி மலிவாகக் கிடைக்கும், ஒரே தெருவில் பத்து வீட்டுத் தலையணை உறை ஒரே துணியாக இருக்கும். நிரந்தர வேலைக்காரன் தனி, யாராவது வராத நாளில் மட்டும் வேலை கிடைக்கும் என்று வாசலில் காத்து நிற்கும் பதிலி தனி. பெண் கொடுப்பவர்கள் விசாரிக்கும் முதல் கேள்வியே அதுதான்.

அப்புறம் ஏன் விழுந்தது?

முதல் காரணம், முழுப் பஞ்சாலை என்ற அமைப்பே அடிவாங்கியது. நூற்பும் நெசவும் சாயமும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த பெரிய ஆலைகள் பம்பாய், அகமதாபாத், கான்பூர், பெங்களூர் எல்லா இடத்திலும் எழுபதுகளிலிருந்து சரிந்தன. பெங்களூரில் பின்னிக்கே ஒரு பெரிய ஆலை இருந்தது, அதுவும் போயிற்று. அங்கே எல்லாம் சென்னைத் தொழிலாளர் சங்கமா போய் ஸ்ட்ரைக் செய்தது? நெசவு விசைத்தறிக்குப் போய்விட்டது. ஈரோட்டிலோ பிவண்டியிலோ பத்துத் தறி போட்டவனுக்கு வைப்புநிதி இல்லை, போனஸ் இல்லை, கேன்டீன் இல்லை, வரியிலும் சலுகை. அவன் விலைக்கு மில்லால் காடாத்துணி நெய்ய முடியாது. கோயம்புத்தூர் மில்கள் ஏன் பிழைத்தன என்று கேட்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை நூற்பாலைகள். விசைத்தறி பெருகப் பெருக அதற்கு நூல் விற்றே அவை வளர்ந்தன. பின்னிக்கு எதிரியாக வந்தவன் அவர்களுக்கு வாடிக்கையாளன் ஆனான்.

இரண்டாவது, சர்க்காரின் கட்டுப்பாட்டுத் துணித் திட்டம். 1960-களின் நடுவிலிருந்து ஆலைகள் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கை முரட்டு வேட்டி, சேலை, நீளத்துணியாகச் சர்க்கார் குறித்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். பஞ்சு விலை ஏறும், துணி விலை ஏறாது. ஏழைக்கு மலிவுத் துணி என்ற நோக்கம் நல்லதுதான், நஷ்டம் ஆலையின் தலையில் விழுந்தது.

மூன்றாவது, பாலியெஸ்டர். எழுபதுகளில் ஜனங்களின் ஆசை டெரிகாட்டனுக்குத் தாவியது. இஸ்திரி வேண்டாம், சீக்கிரம் காயும், பளபளக்கும். பள்ளிச் சீருடைகூட மாறியது. கிழியாத கனத்த பருத்திக் காக்கி என்ற பெயர் பழைய காலத்துப் பெயர் ஆனது.

நான்காவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் வந்த லாபம் யந்திரங்களுக்குத் திரும்பிப் போகவில்லை. தறி கிழடானால் நூல் அதிகம் அறுபடும், ஒரு ஆள் பார்க்கும் தறியின் எண்ணிக்கை குறையும், துணியில் குறை விழும். யூனியன் ஆள் குறைப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிர்வாகம் சொல்லும், புது யந்திரம் போடாமல் ஆளை மட்டும் குறைக்கச் சொல்கிறாய் என்று யூனியன் சொல்லும். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் பணப்பெட்டிச் சாவி யார் கையில் இருந்தது என்பதில் சந்தேகமில்லையே. பின்னி மாதிரி ஒரு கம்பெனி வேறு கம்பெனிகளின் ஆலைகளைக் கமிஷனுக்கு நடத்தும் மேனேஜிங் ஏஜென்சி முறையே 1970-ல் சட்டப்படி ஒழிந்தது. எண்பதுகளில் பின்னி உடையார் குழுமத்தின் கைக்கு மாறியது. அதற்குள் நகரம் வளர்ந்து மில்லைச் சூழ்ந்துவிட்டது. நெய்கிற துணியைவிடத் தறி நிற்கும் தரைக்கு விலை அதிகம் என்ற நிலை வந்தபின் எந்த மில்லும் அதிக நாள் ஓடியதில்லை, பம்பாய் பரேலிலும் அதே கதைதான். போதாக்குறைக்கு ஓட்டேரி நாலா. தாழ்வான நிலம் என்று முதலில் சொன்னேனே, பெருமழை வந்தால் அந்த வட்டாரம் முழுக்க வெள்ளக்காடு. மின்சார மோட்டாரும் நூல் பேலும் தண்ணீரைத் தாங்காது.

1996-ல் நின்றது. அந்த நாளில் சங்கத்துக்கு 1921-ன் பலமும் இல்லை, 1947-ன் பலமும் இல்லை. பலவீனமான சங்கமா பலமான மில்லை மூடியது? வேலை போனவர்களில் சிலர் ஆட்டோ ஓட்டினார்கள், சிலர் வாட்ச்மேன் ஆனார்கள். பையன் ரயில்வேயிலோ ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையிலோ இருந்த குடும்பம் தப்பித்தது. நெசவில் முப்பது வருஷக் கைப்பழக்கம் உள்ளவனுக்குச் சென்னையில் அந்தக் கையை வைத்துக்கொண்டு செய்ய வேறு வேலை இல்லை.

பிறகு கொஞ்ச காலம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பாழடைந்த கூடங்கள், உயரமான செங்கல் சுவர், துரு ஏறிய தூண்கள். சண்டைக் காட்சிக்கு வேறென்ன வேண்டும்? வில்லன் கடத்திக்கொண்டு வந்து கட்டிப்போடும் இடம் என்று தமிழ் ரசிகர்கள் பின்னி மில்லை எத்தனை முறை பார்த்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. அப்புறம் அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் கட்டட நிறுவனங்கள் இறங்கின. இப்போது நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். மில்லாகப் பார்க்க அதிகம் இல்லை, எதிர்பார்த்துப் போகாதீர்கள். டவுட்டனிலிருந்து பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டில் வடக்கே நடந்து பட்டாளம் வாருங்கள். அங்கிருந்து ஸ்ட்ராஹன்ஸ் ரோடு, பிறகு குக்ஸ் ரோடு என்று சுற்றி வந்தால் மில் எவ்வளவு பெரியது என்று கால் சொல்லும். வழியில் பழைய வீட்டுத் திண்ணையில் எழுபது தாண்டியவர் யாராவது உட்கார்ந்திருந்தால் “எந்த டிப்பார்ட்மென்ட் ஐயா?” என்று கேளுங்கள். “மில்லில் வேலை பார்த்தீர்களா?” என்று சுற்றி வளைத்துக் கேட்பதைவிட இதற்குப் பதில் சீக்கிரம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். பட்டாளத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.